நடிகர் சங்கரதாஸ்: அறிவிப்புகளும் தீர்ப்பும்

தமிழ் நாடகத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைக் கூறாமல் மேற்செல்வதில்லை. நூலாசிரியர், பயிற்றாசிரியர், துறவி என்னும் மூன்று நிலைகளில் அவர் போற்றப்படுகின்றார். மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. 2019 ஆம் ஆண்டு தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலில் போட்டியிட்ட ஓர் அணி அவர் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. ஆனால் இம்மூன்றுக்கும் முற்பட்ட நிலை ஒன்று அவருக்கு இருந்தது. அவர் நடிகர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் வேடங்கட்டி மேடையேறி, கண்டவர் நெஞ்சைக் கலக்கியவர். அந்த நடிகரை நாம் மறந்துவிட்டோம். மறந்தோம் என்பதைவிட, இரண்டு அச்சக் கதைகளுக்குள் அடைத்து வைத்துவிட்டோம் என்பதே பொருந்தும். அக்கதைகளை எடைபோட்டுப் பார்ப்பதும், அவற்றின் அடியில் புதைந்து கிடக்கும் ஒரு கேள்வியை எடுத்துக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணப் புலமை மிக்கவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் சந்தமும் பயின்றார் சங்கரன். இவ்வளவு புலமை பெற்ற இளைஞர் தொடக்கத்தில் பார்த்த வேலை எது தெரியுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது. மரக்காணத்து உப்பளக் கரையில் வாழும் நமக்கு அவ்வேலையின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் தனியுரிமை. வெயிலில் வெந்து உப்பை வாரியவன் ஒருவன். அதை நிறுத்து ஏட்டில் ஏற்றியவன் மற்றொருவன். அந்த ஏட்டை மூடிவைத்துவிட்டு, தம் இருபத்து நான்காம் வயதில், 1891 இல், நாடகம் ஆடப் போனார் சங்கரன்.

அன்றைய மேடையை இன்றைய வாசகர் சற்றே மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். மின்விளக்கு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் காதுவரை நடிகனின் குரல் தன் வலிமையால் மட்டுமே சென்று சேர வேண்டும். இரவு தொடங்கிய நாடகம் விடியும்வரை நீளும். பாடத் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை. பாட்டு முடிந்ததும் வசனத்தை அவ்விடத்திலேயே கோத்துச் சொல்ல வல்லவனே நிலைப்பான். இத்தகைய மேடையில் கல்யாணராமய்யர் முதலியோரின் சபைகளில் சேர்ந்த சங்கரதாஸ் ஏற்றவை இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்கள். காதலனாகவோ கருணை வள்ளலாகவோ அவர் மேடையேறிய செய்தி பேசப்படவில்லை. பேசப்படுபவை எல்லாம் கொடுமையும் கூற்றமுமாகவே இருக்கின்றன.

இனி அவ்விரு கதைகளைப் பார்ப்போம். 'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில் எமனாகச் சுவாமிகள் கையில் கயிற்றுடன் பாய்ந்து வந்தபோது, அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி நடுங்கினாள் என்றும், அவள் கரு கலைந்தது என்றும் கூறுவது முதற்கதை. நளன் கதையில் சனீஸ்வரனாக நடித்து முடித்தவர், வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றார் என்றும், துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு அச்சத்தால் உயிர்விட்டாள் என்றும் கூறுவது இரண்டாவது கதை. இவற்றுக்குப் பிறகு அவர் வேடங்கட்டுவதை விட்டார் என்று கதை முடிகின்றது. எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் இவற்றைச் சொல்லிவிட்டு, 'எத்தகைய நடிப்பு!' என்று வியந்து கைதட்டல் பெறுகின்றனர்.

மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செய்தி வந்தாலும், 'இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?' என்று கேட்பார்கள். இது இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் வரிசை. வரிசை சரியாக இருப்பினும், செய்தியின் உள்ளடக்கமான மத்னைத் தனியே ஆராய்வார்கள். இவ்வுரைகல்லில் அவ்விரு கதைகளையும் உரைத்துப் பார்த்தல் தகும்.

சுவாமிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவருடைய மாணவர்கள் வழியாக வந்தது. அவர்களுள் தலையாயவர் ஔவை டி.கே. சண்முகம். 1912 இல் பிறந்த அவர், 1918 இல் ஆறு வயதுச் சிறுவனாக, மதுரையில் சுவாமிகள் ஆசிரியராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். 1972 இல் வெளிவந்த அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' தமிழ் நாடக வரலாற்றுக்கு ஒரு கருவூலம். ஆசிரியராகச் சுவாமிகளை அவர் நேரிற் கண்டார். 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தி அச்சபையிலேயே நிகழ்ந்தது. உடனிருந்தவர் வாய்மொழியாக வந்தது. இதை ஹதீஸ் கலையினர் முத்தஸில், அதாவது தொடர் அறாத அறிவிப்பு, என்பர். ஆனால் எமன் வேடத்தையும் சனீஸ்வரன் வேடத்தையும் அச்சிறுவர்கள் கண்டவர்கள் அல்லர். அவர்கள் சேர்ந்தபோது சுவாமிகள் அரிதாரம் பூசும் நடிகராக இல்லை. ஆகவே அக்கதைகள் இடையில் கண்ணி அறுந்தவை. முன்கதிஃ என்னும் வகையின. எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கண்முன் நிகழ்ந்தன என்று கதைகள் சொல்வதில்லை. அவ்விரு பெண்களின் பெயரும் இல்லை.

உள்ளடக்கத்தை நோக்கினாலும் ஐயம் வலுக்கின்றது. நம் வட்டாரத்துத் தெருக்கூத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வர். திரௌபதியம்மன் கோயில்களில் கோடைகாலத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது, பகலெல்லாம் அளத்தில் உழைத்தவர்களும் இரவெல்லாம் விழித்திருந்து காண்பார்கள். துரியோதனனோ துச்சாதனனோ கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து பாய்ந்து வரும்போது குழந்தைகள் அலறுவதும், சிலர் மீது ஆவேசம் வருவதும் அக்கலையில் புதியன அல்ல. ஒரு கூத்தனின் திறத்தை ஊரார் பாராட்டும் முறையே, 'இன்னான் வேடம் கட்டினான். இத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள்' என்பதுதான். கொடிய வேடத்துக்கு அச்சமே அளவுகோல். அந்த அளவுகோலின் உச்சியில் மரணம் இருக்கின்றது. ஆதலால் இக்கதைகள் நிகழ்ச்சிக் குறிப்புகளா, அல்லது ஊர்வாய் வழங்கிய புகழ்ச்சி வாய்பாடுகளா என்று துணிந்து சொல்ல இயலாது. இவற்றைக் கொண்டு சுவாமிகளின் நடிப்பைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. அவர் எப்படி நடந்தார், எந்த இடத்தில் குரலை ஏற்றினார், எங்கே இறக்கினார், எமனின் சினத்தில் இரக்கத்தின் சாயலைக் காட்டினாரா, இல்லையா என்னும் கலைக் கேள்விகள் எதற்கும் இவற்றில் விடை இல்லை.

இவ்விடத்தில் அரபு இலக்கியத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 967 இல் மறைந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி 'கிதாபுல் அகானி' என்னும் பெருநூலை ஆக்கினார். அச்சில் இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக விரியும் அந்நூலில் மஅபத், இப்னு சுரைஜ், ஜமீலா முதலிய பாடகர்களின் வாழ்வு பதிவாகியுள்ளது. பாடலை இயற்றிய கவிஞனோடு, அதைப் பாடியவர், எந்தப் பண்ணில் பாடினார், கேட்டவர் என்ன சொன்னார் என்பனவெல்லாம் அறிவிப்பாளர் வரிசையுடன் அங்கே வருகின்றன. மாறுபட்ட அறிவிப்புகள் அருகருகே வைக்கப்படுகின்றன. காற்றோடு கலந்துபோகும் கலையையும் சான்றோடு காக்கலாம் என்று அந்த அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். தமிழில் நாம் ஏட்டைக் காத்தோம்; ஏட்டுக்கு உயிர் கொடுத்த உடலையும் குரலையும் காக்கவில்லை. பாத்தியில் கடல்நீர் வற்றியபின் எஞ்சுவது உப்பு. நாடகப் பிரதி அந்த உப்பைப் போன்றது. ஆவியாகிப் போன நீரைப் பற்றி உப்பு ஓரளவுதான் சொல்லும்.

இசைத்தட்டும் அவருக்கு உதவவில்லை. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலோடு வலுப்பெற்றது. சுவாமிகளிடம் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா 1933 இல் இளமையிலேயே மறைந்தாலும், அவர் குரலை நாம் இன்றும் கேட்கிறோம். ஆசானின் குரல் நம்மிடம் இல்லை.

எனினும் அறுந்த அறிவிப்பை அறவே எறிந்துவிடுவது ஃபிக்ஹு அறிஞர்களின் வழக்கமன்று. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது நம் பொருளோடு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை விசாரணைக்கு அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். அவர்களுடைய கண்டிப்பை அறிந்த அப்பெண் வழியிலேயே அச்சத்தால் நடுங்கினாள். அவள் குழந்தை மாண்டது. உமர் (ரலி) தோழர்களைக் கலந்தார்கள். 'தாங்கள் ஒழுக்கம் காக்கும் பொறுப்பில் இருப்பவர். தங்கள் மீது குற்றம் ஏதுமில்லை' என்னும் கருத்தைச் சிலர் கூறினர். அலீ (ரலி) அவர்களோ, அச்சுறுத்தல் தங்களிடமிருந்து வந்தது, ஆகவே ஈடு தங்கள் மீதே கடமை என்று தீர்ப்புரைத்தார்கள். உமர் (ரலி) அதை ஏற்றார்கள். இதை அறிவிப்பவர் ஹஸன் பஸரீ (ரஹ்). உமர் (ரலி) மறைந்தபோது அவர் சின்னஞ்சிறு குழந்தை. எனவே இவ்வறிவிப்பும் தொடர் அறுந்ததே. ஆயினும் சட்ட அறிஞர்கள் இதை எடுத்து ஆராய்ந்தனர். ஏனெனில் இதனுள் ஒரு பெரிய கேள்வி இருக்கின்றது: கை படாமல், வாள் ஓங்காமல், அச்சத்தால் மட்டும் ஓர் உயிர் போகுமானால் அதற்குப் பொறுப்பாளி யார்?

சுவாமிகளைப் பற்றிய கதைகளிலும் இதே கேள்வியே உறைகின்றது. கைதட்டல் வாங்கும் பேச்சாளர்கள் கதையின் முற்பகுதியை மட்டும் சுவைக்கின்றனர். பிற்பகுதி அவர்கள் நாவில் விரைந்து கடந்துபோகின்றது. கலைஞனின் வெற்றிக்கு உயிர்ப்பலி சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆனால் கதையைக் காத்துத் தந்த மரபு அப்படிக் கருதவில்லை. வேடம் வெற்றி பெற்றது என்று அது முடிக்கவில்லை. வேடத்தை அவர் கழற்றி வைத்தார் என்றே முடிக்கின்றது. நடிப்பின் பயனுக்கு நடிகன் பொறுப்பாளி என்னும் தீர்ப்பு அந்த முடிவில் அடங்கியிருக்கின்றது. அத்தீர்ப்பை வேறு எவரும் அவர்மீது சுமத்தவில்லை. அவை அவரைத் துரத்தவில்லை, அரசு தடுக்கவில்லை. தம்மைத் தாமே மன்றில் நிறுத்தித் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டார் என்கிறது கதை. ஆகவே நடிகர் சங்கரதாஸின் வீழ்ச்சி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு விலகல். பெயரற்ற இரு பெண்களின் பொருட்டு ஒரு கலைஞன் தன் புகழின் உச்சியிலிருந்து இறங்கினான் என்னும் இச்செய்தியே, மயங்கி விழுந்தவர்களின் எண்ணிக்கையைவிட நமக்கு வேண்டியது.

இதற்குச் சான்றாக நிற்பது அவருடைய பின்வாழ்வு. கதைகளின் வரிசை அறுந்திருந்தாலும், வாழ்வின் திருப்பம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர் துறவுக்கோலம் பூண்டார், தலங்கள்தோறும் சென்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்றுப் போற்றினார். மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது ஆசிரியராகவே வந்தார். 1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918 இல் மேலே சொன்ன பால சபையையும் வளர்த்தார். வயதுவந்த நடிகர்கள் மனம்போனவாறு பேசுவதையும், போட்டிக்காக வாதத்தை நீட்டுவதையும், ஒழுக்கம் தவறுவதையும் கண்டு வெதும்பியே சிறுவர்களைப் பயிற்றத் தொடங்கினார் என்பர். மேடையில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு உண்டு என்று கருதியவரே இவ்வாறு செய்வார்.

அவர் எழுதிய நாடகங்களிலும் இதன் தடத்தைக் காணலாம். 'சத்தியவான் சாவித்திரி' அவர் நாடகங்களுள் நெடுங்காலம் மேடையை ஆண்டவற்றுள் ஒன்று. கதை பாரதத்துக்குரியது, எமனைச் சாவித்திரி வெல்வதும் பழங்கதையே. ஆயினும் தமிழ் மேடையில் அந்நாடகத்தின் உயிர்நிலை அவ்விருவரின் தருக்கத்தில் அமைந்தது. கூற்றுவன் கயிற்றோடு வருகின்றான். ஓர் இளம்பெண் அஞ்சாமல் அவனைத் தொடர்ந்து நடந்து, சொல்லுக்குச் சொல் தொடுத்து, இறுதியில் அவனையே கட்டிப்போடுகின்றாள். எமனாக வந்து ஒரு பெண்ணை நடுங்க வைத்ததாகச் சொல்லப்படும் நடிகரே, ஒரு பெண்ணின் சொல்லுக்கு எமன் பணியும் காட்சியைப் பாட்டாகவும் உரையாகவும் யாத்துச் சிறுவர்களின் நாவில் இட்டார். இதை அவர் செலுத்திய ஈடு என்று நாம் கொள்ளலாம். அவர் அவ்வாறு எண்ணிச் செய்தார் என்று நாம் சாதிக்கவில்லை. பிரதியைப் படிக்கும் நம் கண்ணுக்கு அப்படித் தோன்றுகின்றது என்பதே நம் வாதம். அச்சத்தைவிடச் சொல் வலியது என்பது அந்நாடகத்தின் உட்பொருள். நடிகர் நின்ற இடத்திலிருந்து ஆசிரியர் எவ்வளவு தூரம் நடந்துவந்தார் என்பதற்கு அது அடையாளம்.

'இந்து சமயக் கதைகளை ஆடிய ஒருவரைப் பற்றி நமக்கென்ன?' என்று நம்மவருள் சிலர் கேட்கக்கூடும். கூத்தும் வேடமும் தகுமா தகாதா என்பது ஆலிம்களின் மன்றுக்குரியது. அதை இங்கே கிளறவில்லை. ஆனால் தமிழ் மேடையின் வரலாற்றில் முஸ்லிம்களுக்குப் பங்கில்லை என்று எவரும் கூற முடியாது. லக்னோவின் ஆகா ஹசன் அமானத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய 'இந்தர் சபா' தமிழில் 'இந்திரசபா'வாக மேடையேறியது. காதர் பாட்சாவின் ஹார்மோனியம் ஒலித்த மேடைகள் பல. கிறித்தவக் கதையான 'ஞானசௌந்தரி'யைச் சுவாமிகளே நாடகமாக்கினார். மேடைக்கு வெளியேயும் நமக்கு இதே குறை உண்டு. நம் புலவர்கள் பாடிய கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் அச்சில் உள்ளன. அவற்றைத் தெருத்தெருவாக, தாயிராவைத் தட்டிப் பாடிச் சென்ற பக்கீர்களின் பெயர்கள் எங்கே? ரமளான் இரவுகளில் அவர்கள் குரல் கேட்டு விழித்த ஊர்கள் எத்தனை! அறிவிப்பாளர் வரிசையை உலகுக்குக் கற்பித்த சமுதாயம், தன் பாடகர்களுக்கு ஓர் அறிவிப்பாளரையும் அமர்த்தவில்லை. சங்கரதாஸின் நடிப்பு மறைந்த வழியிலேயே அவர்கள் பாட்டும் மறைந்து வருகின்றது. இன்னும் கேட்டவர்கள் உயிரோடிருக்கும் ஊர்களில், யார் பாடினார், எந்த மெட்டில், எந்தத் தெருவில் என்று கேட்டு எழுதிவைப்பது இளைஞர்களுக்குரிய வேலை.

சுவாமிகளின் இறுதிக்காலம் நெஞ்சை உருக்குவது. 1921 இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது, பேச்சுப் போயிற்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளைத் தன் குரலால் நிரப்பிய வாய் அது. 'ஆடின காலும் பாடின வாயும் சும்மா இரா' என்பது பழமொழி. அவ்விரண்டும் அடங்கிய நிலையிலும் தம் சபையோடு அவர் இருந்தார். அவர் கற்பித்த சொற்களைச் சிறுவர்கள் மேடையில் பேசினார்கள். 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவரை அடக்கம் செய்தனர். மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவு. உப்புக் கணக்கில் தொடங்கிய வாழ்வு உப்புக் காற்று வீசும் கரையருகே முடிந்தது.

செல்வம் வந்து சேர்வதும் நீங்குவதும் கூத்தவையில் கூட்டம் கூடிக் கலைவது போன்றன என்றார் வள்ளுவர். கலைஞனின் புகழும் அத்தகையதே. கலைந்துபோன கூட்டத்தை நாம் மீண்டும் கூட்ட முடியாது. சுவாமிகளின் எமனை இனி எவரும் காணப்போவதில்லை. ஆனால் அந்த எமனைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்வது, எதை நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கின்றது. கரு கலைந்ததைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று; அவர் விட்டு விலகியதையே அவர் கழுத்தில் மீண்டும் மாலையாகப் போடுவதாகும். அக்கதைகளைச் சொல்வோர், அவை கேள்வி வழிச் செய்திகள் என்று முதலில் சொல்லட்டும். அவர் வேடத்தைக் கழற்றி வைத்த முடிவைக் கடைசியில் அழுத்திச் சொல்லட்டும். இடையில், பெயர் தெரியாத அவ்விரு பெண்களுக்காகவும் ஒரு கணம் நிற்கட்டும். உண்மையை நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.